ஓடைக்குள் போட்ட குலவை

அன்று மாலையோடு என் ஆயுசு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2007-ஆம் வருஷம், ஆடி மாதம் நான்காவது வெள்ளிக்கிழமை. குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளத்தில், ஓடைத் தண்ணீருக்கு நடுவில், ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். வலது கணுக்கால் வீங்கி, ஊன்ற முடியவில்லை. மழை கொட்டியது. நான் கத்திய கத்து எனக்கே கேட்கவில்லை. நான் அங்கே கிடப்பது ஒருவருக்கும் தெரியாது. நான் அந்த மலைக்கு வந்திருப்பதே என்னைப் பெற்ற அம்மாவுக்குத் தெரியாது. அவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மாரியம்மனை நம்பி வாழும் என் சகோதரிகளே, அங்கே நான் எப்படிப் போய் விழுந்தேன், எப்படி மேலே வந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் அம்மன் செய்தது என்ன என்று உங்களுக்குப் புரியாது.

என் ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கம். அப்பா நான் மூன்றாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா பட்டாசு ஆலையில் திரி வைக்கிற வேலை செய்து என்னை வளர்த்தாள். அவளுக்கு முந்திய தலைமுறையெல்லாம் காட்டு வேலைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. பெருமைதான். பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை மிதித்துத்தான் சாத்தூருக்குப் போய்ப் படித்தேன். மழைக்கோ வெயிலுக்கோ ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

அந்தப் பெருமை ஓரிடத்தில் கெட்டுப்போனது. அதைச் சொல்கிறேன்.

கல்லூரியில் கடைசி வருஷம் ஆண்டு விழா நடந்தது. எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கு. பரிசு வாங்குவதைப் பார்க்க அம்மா ஆலையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத மருந்துச் சாம்பல் நிறம் அவள் விரலிடுக்கில் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். நான் மேடைப் படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது.

எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் பொங்கல் பொங்கி வழியும்போது முதல் குலவை அம்மாவுடையதுதான். அவள் நாக்கைச் சுழற்றி எடுத்தால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். மகள் மேடை ஏறுகிறாள், அதுவும் அவளுக்கு ஒரு பொங்கல். போட்டுவிட்டாள்.

அரங்கம் மொத்தமும் திரும்பியது. சிரித்தது. எவனோ ஒருவன் பின்னால் நின்று அதே மாதிரி போட்டுக்காட்டினான். மறுபடியும் சிரித்தார்கள். பரிசை எந்தக் கையால் வாங்கினேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். "ஏம்மா, இது என்ன கோவிலா? எங்கன என்ன செய்யணும்னு தெரியாதா உனக்கு? இனிமே எங்கயும் போடாத. என் மானம் போகுது."

அம்மா என் பரிசுப் பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "சரித்தா. இனிமே போடல" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. பஸ் வந்தது, ஏறினோம்.

பிறகு எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. காலண்டர் போடுகிற கம்பெனி. மாரியம்மன் படத்தைத் திரையில் திறப்பேன். கிரீடத்துக்கு மினுமினுப்புக் கூட்டுவேன். பின்னணியை அழிப்பேன். காலடியில் ஜவுளிக்கடைப் பெயர் வர இடம் விடுவேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது சாமி என் மவுசுக்கடியில் வந்து போகும். மெல்ல மெல்ல சாமி எனக்கு ஒரு ஃபைலாகிப்போனது. கோவிலுக்குப் போவதை விட்டேன். ஊரில் பங்குனிப் பொங்கல் வந்தால் ஆபீசில் வேலை இருக்கிறது என்பேன்.

ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது எங்கள் சிவகாசி வழக்கம். அதற்கு முந்திய இரண்டு மாதம் டிசைன் செக்‌ஷனில் தண்ணீர் குடிக்க நேரமிருக்காது. அந்த வருஷம் ஆல்பம் நன்றாக வந்ததில் முதலாளி அண்ணாச்சிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆபீஸ் ஆட்களை இரண்டு நாள் குமுளிக்குக் கூட்டிப்போகச் சொல்லி வேன் ஏற்பாடு செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புவதாக முடிவானது.

அதே வெள்ளிக்கிழமைதான் ஊரில் எங்கள் தெருவுக்குப் பொங்கல் முறை.

"நீ வந்து நின்னாப் போதும், தாயி. ஒரு வேலையும் செய்ய வேண்டாம். பானைக்குப் பக்கத்துல நின்னாப் போதும்" என்றாள் அம்மா.

"ஆர்டர் குவிஞ்சு கெடக்கும்மா. ரெண்டு நாளும் வேலை. பாத்திமா அக்கா வீட்டுல தங்கிட்டு ஞாயித்துக்கெளம வாரேன்."

சுற்றுலா என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "பொங்கலை விட்டுட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்பாளே, அதற்குப் பயந்து பொய் சொன்னேன்.

பாத்திமா அக்கா எங்கள் ஆபீசில் பில் போடுகிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டாசுக் கடை வைத்திருக்கிறார்கள். வாங்கி விற்கிறவர்கள், ஆலைக்குள் போய் உட்கார்ந்து செய்கிறவர்கள் இல்லை. இந்த வித்தியாசம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் கிளம்பி, கல்லுப்பட்டி, தேனி, கம்பம் தாண்டி மலையேறினோம். நாங்கள் தங்கின விடுதியில், மலைக்கு ஏற்ற கியர் சைக்கிளில் தோட்டத்துக்குள் கூட்டிப்போவார்கள் என்று எழுதிப் போட்டிருந்தது. ஆபீசில் நான்கு ஆண்கள் பெயர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். என்னைத் தனியாக விடக்கூடாது என்று பாத்திமா அக்காவும் கொடுத்தார்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் வழிகாட்டி வந்தார். ஒல்லியான ஆள். நாற்பத்தைந்து வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் அட்டைப்பூச்சிக்கு ஓர் உப்புப் பொட்டலம், தோளில் குறுக்காக இரண்டு சைக்கிள் டியூப். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவராம்.

"என்டெ பேரு பேபி" என்றார்.

பாத்திமா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "இம்புட்டு வயசுல நீங்க பேபின்னா, உங்க வீட்டுப் பாப்பாவுக்கு என்ன பேருண்ணே?"

"அவளுக்கு ராணி. வீட்டுல எல்லாம் அவ சொல்றதாக்கும்" என்று சிரிக்காமலே சொன்னார் பேபிச் சேட்டன். பிறகு எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். "ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடிக்கணும். முன்னாலெ உள்ளது மாத்திரம் பிடிச்சா சைக்கிள் நிக்கும், நீங்க போகும். மழை வரும், அதுக்குப் பேடிக்கண்டா, பயம் வேண்டா. இடி வந்தா நான் சொல்லுற எடத்துல கேறி நிக்கணும். ஆரும் தனியே போகக் கூடாது. கேட்டோ?"

கேட்டோம். நானும் கேட்டேன்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். தூறலில் கிளம்பினோம். செம்மண் பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே ஏலச் செடி. இலையில் மழை விழுகிற சத்தம். மண் வாசத்தோடு ஏலக்காய் வாசம். இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓட, சேறு முதுகு வரை தெறித்தது. என் வாழ்க்கையில் வேலையோ படிப்போ இல்லாமல், சும்மா சந்தோஷத்துக்காக நான் சைக்கிள் மிதித்தது அதுதான் முதல் தடவை. ஆண்கள் நான்கு பேரும் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார்கள். நான் இறங்கவில்லை.

"மோளு நல்லா சவுட்டுதே" என்றார் சேட்டன்.

"சாத்தூர் ரோட்டுல லாரிக்கு நடுவுல மிதிச்சவ நான், அண்ணே" என்றேன்.

பின்னாலிருந்து பாத்திமா அக்கா மூச்சு வாங்கினார். "ஏ மாரி, மெதுவாப் போலா. என் மூட்டு ரெண்டும் என்னோட பேசமாட்டேங்குது."

மழை வலுத்தது. பாதை ஓரத்தில் ஏலக்காய் காய வைக்கிற பழைய ஷெட் ஒன்று இருந்தது. தகரக் கூரை. உள்ளே மூட்டைகள், ஓரத்தில் அடுப்பு, ஒரே ஒரு கதவு. எங்களை அதற்குள் நிறுத்தினார் சேட்டன். ஆண்களில் இரண்டு பேர் செயின் கழன்று பின்தங்கியிருந்தார்கள். "ஞான் போய் அவங்களைக் கூட்டிட்டு வராம். இவிடத்தான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனார்.

அவர் போய் ஐந்து நிமிஷம் இருக்கும். வெளிச்சம் கண்ணை அடித்தது. கூடவே ஓர் இடி. தகரக் கூரை அதிர்ந்தது. அடுத்த நிமிஷம் நான் ஷெட்டில் இல்லை.

பட்டாசு வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்காது. விளக்கிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆலையில் மின்னல் வெட்டினால் போர்மேன் விசில் ஊதுவார். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே ஓட வேண்டும். கூரைக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. ஒரு பொறி இறங்கினால் போதும், அறையும் ஆளும் மிச்சமில்லை. பெண்கள் எல்லோரும் தூரத்துப் பொட்டலில், மழையில் நனைந்துகொண்டு நிற்பார்கள். பள்ளிக்கூட லீவில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நானும் அப்படி ஓடியிருக்கிறேன். "இடி இடிச்சா என்னையப் பாக்காத. திரும்பிப் பாக்காம ஓடு" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். அந்த விதி என் மூளையில் இல்லை, காலில் இருந்தது. தகரக் கூரை, ஒற்றைக் கதவு, மூட்டை, இடி. கால் ஓடிவிட்டது.

"ஏ மாரி, எங்கன ஓடுத? மழையில்ல கொட்டுது" என்று பாத்திமா அக்கா கத்தியது காதில் விழுந்தது. அவருக்கு ஓடத் தோன்றவில்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. இடி இடித்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி வளர்ந்தவர்.

நான் பொட்டலைத் தேடி ஓடினேன். மலையில் ஏது பொட்டல்? செடிக்குள் புகுந்தேன். இரண்டாவது இடி. இன்னும் ஓடினேன். காலுக்குக் கீழே நிலம் இல்லை. ஈர மண்ணோடு சறுக்கி, வேரிலும் கல்லிலும் மோதி, கீழே ஓடைக்குள் போய் விழுந்தேன்.

நிதானம் வந்தபோது இரண்டு பக்கமும் என்னைப்போல் மூன்று ஆள் உயரத்துக்குச் சரிவு. எல்லாம் வழுக்கல். எழுந்து நின்றேன், வலது கால் மடங்கிக் கீழே தள்ளியது. செல்போன் ஷெட்டில், பைக்குள். தண்ணீர் முதலில் கணுக்கால் அளவுதான் இருந்தது. தவழ்ந்து போய்ப் பாறை ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். கத்தினேன். "அக்கா" என்றேன். "சேட்டா" என்றேன். ஓடை இரைச்சலும் மழை இரைச்சலும் சேர்ந்து என் குரலை வாயிலேயே பிடுங்கிக்கொண்டன.

எத்தனை நேரம் கத்தினேனோ. குரல் கம்மிவிட்டது. பாறையின் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. மேலே எங்கேயோ பெருமழை பெய்து செந்தண்ணீர் இறங்குகிறது என்று தெரிந்தது. பனி மூட்டம் இறங்கி மேலே செடிகளும் மறைந்தன. குளிரில் தாடை அடித்துக்கொண்டது.

நான் படித்தவள். யோசித்தால் ஒரு வழி கிடைக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அழுதேன்.

கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தேன். நாலே முக்கால். அந்த நேரத்தில் ஊரில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கோவில் முன்னால் மூன்று கல் கூட்டி, பானையில் பால் ஊற்றியிருப்பார்கள். நுரை விளிம்புக்கு வந்திருக்கும். நான் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

கும்பிட வெட்கமாக இருந்தது. ஒன்றரை வருஷமாக எட்டிப் பார்க்காதவள் எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஆனாலும் கையைக் கூப்பினேன். "ஆத்தா, நான் வரல. பொய் சொல்லிட்டு இங்கன வந்துட்டேன். என்னைய விட்டுராத. எங்கம்மாவுக்கு என்னைய விட்டா யாரும் இல்ல" என்றேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை. மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது.

பிறகு, பொங்கல் பொங்குகிற நேரத்துக்கு என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பூ இல்லை, பால் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த நேரத்தில் எதைக் கொடுப்பார்களோ அது ஒன்றுதான் இருந்தது.

வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்தேன். நாக்கைச் சுழற்றினேன். முதலில் வெறும் காற்று வந்தது. குளிரில் நாக்கு மரத்திருந்தது. இரண்டாவது தடவை உடைந்து உடைந்து வந்தது. மூன்றாவது தடவை கிளம்பியது பாருங்கள், எனக்கே உடம்பு சிலிர்த்தது. அது என் குரலே இல்லை. அம்மாவின் குரல். அதே இழுப்பு, அதே முடிப்பு. கத்தும்போது அமுங்கிப்போன என் தொண்டை, குலவைக்கு மட்டும் திறந்தது. ஓடை இரைச்சலுக்கு மேலே அது தனியாக ஏறிப் போனதை என் காதாலேயே கேட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யாராவது வரட்டும் என்று நான் அதைப் போடவில்லை. அம்மனுக்குத்தான் போட்டேன். சாகிறதானாலும் அவளுக்கு வர வேண்டிய குலவையைக் கொடுத்துவிட்டுச் சாகிறேன் என்றுதான் போட்டேன்.

ஏழோ எட்டோ போட்டிருப்பேன். மூச்சு வாங்க நிறுத்தினேன்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "மோளே, நிறுத்தாதே. நீ போட்டுக்கோ. ஞான் சத்தம் பிடிச்சு வராம்."

மேலே நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேபிச் சேட்டன் பின்தங்கிய இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்திருக்கிறார். பாத்திமா அக்கா, "மாரி உங்களத் தேடித்தான ஓடுனா?" என்று கேட்டிருக்கிறார். "என்னெத் தேடி ஆரும் வந்தில்லல்லோ" என்று சொல்லிவிட்டு அவருக்கு முகம் வெளுத்துவிட்டதாம். பயந்து ஓடுகிறவர்கள் பாதையில் கீழ்நோக்கித்தான் ஓடுவார்கள் என்று கணக்குப் போட்டு, ரோட்டுப் பக்கமாக வெகுதூரம் இறங்கித் தேடியிருக்கிறார். நான் கிடந்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் எதுவுமே அவர் காதுக்குக் கேட்டிருக்காது. அங்கே நின்றபோதுதான் என் குலவை கேட்டிருக்கிறது.

நான் நிறுத்தவில்லை. நாக்கின் ஓரம் பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. நிறுத்தவில்லை. தண்ணீர் என் இடுப்பைத் தொட்டது. மூட்டத்தில் அவர் பக்கம் மாறிப் போகும்போது குரல் தூரமாகும். நான் இன்னும் ஓங்கிப் போடுவேன். குரல் மறுபடியும் நெருங்கும். கடைசியில் தலைக்கு மேலே செடி அசைந்தது. சேட்டனின் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் முக்காடு நனைந்து ஒட்டிப்போன பாத்திமா அக்காவின் முகம்.

"அல்லா, பிள்ளையக் காமிச்சுட்டான்" என்று அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். வழியெல்லாம் துஆ ஓதிக்கொண்டே வந்தாராம்.

சேட்டன் தோளிலிருந்த இரண்டு டியூபையும் முடிந்தார். நீளம் போதவில்லை. பாத்திமா அக்கா தன் துப்பட்டாவை உருவிக் கொடுத்தார். வெளி ஆம்பளை முன்னால் தலைத்துணி விலகாதவர் அவர். மூன்றையும் முடிந்து, ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சேட்டன் வெறுங்காலோடு இறங்கினார். என்னை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். மேலே மற்ற ஆண்கள் இழுத்தார்கள். நான் மேலே வந்து, மூச்சு வாங்கி, திரும்பிப் பார்த்தபோது நான் பிடித்திருந்த பாறை தெரியவில்லை. செந்தண்ணீர் மட்டும்தான் ஓடியது.

ஷெட்டில் அடுப்பு மூட்டி, சாக்கைப் போர்த்தி, பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார் சேட்டன். எதற்காக ஓடினேன் என்று கேட்டார். ஆலை விதியைச் சொன்னேன்.

"அப்போ உங்க நாட்டுல இடிக்கு வெளியே ஓடும். எங்க நாட்டுல உள்ளே ஓடும். தெற்று என்டெதாக்கும் மோளே. நான் அதை முன்னமே கேட்டிருக்கணும்" என்றார்.

தப்பு அவருடையது இல்லை. தனியே போகக் கூடாது என்று அவர் சொன்னதைக் காதால் கேட்டும் ஓடியவள் நான்.

"எப்படிண்ணே கேட்டுச்சு?" என்றேன்.

"கூவி விளிச்சா மழையில கேக்காது. இது குரவையல்லே. எங்க அம்மையும் கல்யாண வீட்டுல போடும். மழையில காட்டுக்குள்ள குரவை கேட்டா, அது பெண்ணுதான்னு உறப்பு. மிருகமும் போடாது, பறவையும் போடாது" என்று சொன்னார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல குரவை. ஆரு படிப்பிச்சது?"

சாயா டம்ளரில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்கட்டோடு ஊருக்கு வந்தேன். பாத்திமா அக்காவே கூட வந்து விட்டுப்போனார். அம்மா பதறிப்போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யை முதலில் சொன்னேன், பிறகு இடி, பிறகு ஓடை, பிறகு குலவை. அம்மா திட்டவில்லை. என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணி இருக்கும்?" என்றாள்.

"அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால."

அம்மா என் கால்கட்டைத் தடவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நம்ம பானை பொங்குன நேரம். எல்லாரும் என் மூஞ்சியப் பாக்காக. 'ஏ பேச்சி, போடு, போடு'ன்னு சொல்லுதாக. எனக்கு வாய் வரல தாயி. உங்கிட்ட போடலன்னு சொல்லிருந்தேம்லா. ரெண்டு பங்குனிக்கும் போடல. ஆத்தா கோவிச்சுக்குவாளோன்னு பயந்துக்கிட்டே நின்னேன்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கல்லூரியில் மட்டும் போடாதே என்பதாக அவள் என் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. கோவிலிலும் நிறுத்திவிட்டிருக்கிறாள். மகள் படித்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, அம்மன் முன்னாலும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் கோவிலுக்கே போகாததால் அது எனக்குத் தெரியாமலே போனது.

"என் வாய நீ அடச்ச. உன் வாய ஆத்தா தெறந்துட்டா" என்று சொல்லிச் சிரித்தாள் அம்மா. அவள் கண் சிரிக்கவில்லை. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சீ, ஆபீசுக்குப் போற பிள்ள காலப் பிடிச்சுக்கிட்டு" என்று உதறிக்கொண்டாள்.

ஆபீசில் இதைச் சொன்னபோது பிரஸ் செக்‌ஷன் அண்ணன் ஒருவர், கீச்சுக் குரல் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று விளக்கினார். நானும் இயற்பியல் படித்தவள்தான். அவர் சொன்னது சரி. குலவை ஏன் கேட்டது என்பதற்கு அது பதில். ஒன்றரை வருஷமாக நான் வெறுத்த ஒன்றை அந்த நிமிஷத்தில் என் நாக்கில் கொண்டுவந்து வைத்தது யார் என்பதற்கு அது பதில் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தபோது கிடைக்காதது, கும்பிட்டபோது கிடைத்தது. நான் கூப்பிட்டேன், அவள் வந்தாள். எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போதும் அதே ஆபீசில்தான் வேலை. இப்போதும் நாளைக்கு முப்பது நாற்பது சாமி படம் திறக்கிறேன். ஒரே வித்தியாசம், காலையில் முதல் படத்தைத் திறக்குமுன் செருப்பை மேஜைக்கு வெளியே கழற்றி விடுகிறேன். பக்கத்து சீட்டுப் பையன்கள் கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். படித்ததில் எனக்கு இருந்த பெருமை ஒரு துளியும் குறையவில்லை. படிப்பு தப்புச் செய்யவில்லை. அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டதுதான் தப்பு.

இந்த வருஷம் ஆடி வெள்ளிக்கு முதலாளி அண்ணாச்சியிடம் முறையாக லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். பாத்திமா அக்காவும் வெல்லமும் முந்திரியும் வாங்கிக்கொண்டு வந்தார். கோவில் முன்னால் மூன்று கல் கூட்டினோம். பானையில் நுரை ஏறியது. தெருப் பெண்கள் எல்லோரும் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏத்தா, பேண்ட்டு சட்ட போட்டவுகல்லாம் வந்து நிக்காக. உனக்குக் கூச்சமா இருக்காதா?" என்று காதுக்குள் கேட்டாள்.

கையைக் குவித்து, முதல் குலவையை நானே எடுத்தேன். ஒரு மூச்சு தள்ளி அம்மா சேர்ந்தாள். பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

இதைப் படிக்கிற என் வயதுப் பெண்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்களில் பலர் என்னைப் போலவே வீட்டில் முதலாவதாகப் படித்தவர்களாக இருப்பீர்கள். கஷ்டம் வரும்போது அம்மனை எந்தப் பாஷையில் கூப்பிடுவது, எத்தனை நாள் விட்டுப்போயிற்றே என்றெல்லாம் தயங்காதீர்கள். உங்கள் அம்மா எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே கூப்பிடுங்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பழகின சத்தம். எவ்வளவு மழை கொட்டினாலும் அவளுக்குக் கேட்கும்.